அரை மணி நேரச் சண்டை, ஒரே ஒரு சாவு: மைக்கேல் காலின்ஸைச் சுட்டது யார்?

அயர்லாந்தின் தெற்கே, கார்க் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பேல் நா பிளா என்றொரு சின்னப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1922 ஆகஸ்ட் 22 அன்று பொழுது சாயும் நேரத்தில் அங்கே ஏறத்தாழ அரை மணி நேரம் துப்பாக்கிச் சண்டை நடந்தது. ரோட்டில் ராணுவ வண்டிகள் நின்றன. எதிரே மேட்டில், வேலிப் புதர்களுக்குப் பின்னால் சிலர் பதுங்கியிருந்தார்கள். சுட்ட தோட்டாக்களுக்குக் கணக்கில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளில் முன்னே போன வீரருக்குக் கழுத்தில் காயம், இன்னொருவருக்குத் தலையில் குண்டு, அவ்வளவுதான் சேதம். தலையில் குண்டு பட்டவர், பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை ஆதரித்த அயர்லாந்து அரசின் தலைமைத் தளபதி மைக்கேல் காலின்ஸ். வயது 31.

அவருடன் வந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். மேட்டில் இருந்தவர்களும் பெரும்பாலும் உயிரோடு வீடு திரும்பியவர்கள்தான், சிலர் 1960கள் வரை வாழ்ந்தார்கள். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நள்ளிரவில் நடந்த கொலையல்ல இது. இத்தனை கண்கள் பார்த்தும், அந்தத் தோட்டா எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதில்கூட நூறு ஆண்டு கழித்தும் ஒத்த கருத்து இல்லை. இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள, அன்று என்ன நடந்தது என்பதோடு, நடந்ததை யாரும் ஏன் எழுதிவைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பது என் கருத்து.

காலின்ஸ் பிறந்தது அதே மேற்கு கார்க்கில், சாம்ஸ் கிராஸ் என்ற குக்கிராமத்தில். பதினைந்து பதினாறு வயதில் லண்டனுக்குப் போய் அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் பங்கெடுத்துச் சிறை சென்றார். 1919 முதல் 1921 வரை பிரிட்டிஷாருக்கு எதிராக நடந்த விடுதலைப் போரில் உளவுப் பிரிவுக்குத் தலைமை அவர்தான். அரசு அலுவலகங்களிலும் காவல்துறையிலும் அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். எதிரியின் உளவாளிகளைத் தேடிப் பிடித்துச் சுடுவதற்கென்று ஒரு தனிக் குழுவை வைத்திருந்தார். 1920 நவம்பர் 21 காலை டப்ளினில் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகள் பலர் தங்கள் அறைகளிலேயே கொல்லப்பட்டது அவர் திட்டப்படிதான். பிரிட்டிஷார் வலைவீசித் தேடிக்கொண்டிருந்தபோதும் சைக்கிளில் டப்ளின் தெருக்களைச் சுற்றிவந்தவர் என்று அவரைப் பற்றி இன்றும் பேசுவார்கள்.

பின்னால் வரப்போகும் சந்தேகங்களுக்கு விதை இங்கேயே விழுந்துவிட்டது. ரகசியமும் உளவும் மறைவான கொலையுமாகப் போர் நடத்திய ஒருவர் இறந்தால், அவரையும் யாரோ மறைவாகத்தான் கொன்றிருக்க வேண்டும் என்று மனம் தானாகவே நினைக்கும்.

1921 டிசம்பர் 6 அன்று லண்டனில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தம் விடுதலை இயக்கத்தை இரண்டாகப் பிளந்தது. அயர்லாந்துக்குச் சுயாட்சி கிடைத்தது, ஆனால் முழுக் குடியரசு கிடைக்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசம் சொல்ல வேண்டும். வடக்கே ஆறு மாவட்டங்கள் ஏற்கெனவே தனியாகப் பிரிந்திருந்தன. பேச்சுவார்த்தைக்குப் போன குழுவில் காலின்ஸும் மூத்த தலைவர் ஆர்தர் கிரிஃபித்தும் முக்கியமானவர்கள். இயக்கத்தின் தலைவராக இருந்த ஏமன் டி வலேரா ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. 1922 ஜனவரி 7 அன்று அயர்லாந்து நாடாளுமன்றத்தில் 64க்கு 57 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. ஏப்ரலில் எதிர்ப்பாளர்கள் டப்ளினின் நீதிமன்ற வளாகமான ஃபோர் கோர்ட்ஸைப் பிடித்தார்கள். ஜூன் 28 அன்று காலின்ஸின் படை அதன்மீது பீரங்கியால் சுட்டது. உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது.

நேற்றுவரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் எதிரெதிராக நின்றார்கள். காலின்ஸின் நெருங்கிய நண்பர் ஹாரி போலண்ட், எதிரணிக்குப் போனவர், ஆகஸ்ட் தொடக்கத்தில் அரசுப் படை சுட்ட குண்டில் இறந்தார். ஆகஸ்ட் 12 அன்று கிரிஃபித் மூளையில் ரத்தக் கசிவால் காலமானார். அந்த இறுதி ஊர்வலத்தில் படைகளுக்கு முன்னே நடந்து சென்ற காலின்ஸ், கிரிஃபித் இறந்த பத்தாம் நாளே தானும் போய்ச் சேர்ந்தார்.

அவர் கார்க்குக்கு ஏன் போனார் என்பதற்கே மூன்று பதில் சொல்கிறார்கள். புதிதாகப் பிடித்த பகுதிகளில் படைகளைப் பார்வையிட, எதிர்ப்பாளர்கள் கைப்பற்றிய அரசுப் பணத்தின் தடத்தைக் கண்டுபிடிக்க, எதிரணியில் இருந்த பழைய தோழர்களோடு ரகசியமாகச் சமாதானம் பேச. இவற்றில் ஒன்றுதான் உண்மை என்று அடித்துச் சொல்லத் தேவையில்லை. தளபதியும் நிதிப் பொறுப்பாளரும் அரசியல்வாதியும் ஒரே ஆளாக இருந்தபோது ஒரே பயணத்தில் மூன்று வேலையும் இருந்திருக்கும். "என் சொந்த மாவட்டத்தில் என்னைச் சுட மாட்டார்கள்" என்று அவர் சொன்னதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 22 காலையில் கார்க் நகரின் இம்பீரியல் ஹோட்டலிலிருந்து வண்டிகள் கிளம்பின. முன்னால் மோட்டார் சைக்கிள். அடுத்து வீரர்களை ஏற்றிய ஒரு லாரி. அதற்குப் பின்னால் காலின்ஸும் மேஜர் ஜெனரல் எம்மெட் டால்டனும் உட்கார்ந்திருந்த கார், மேல்மூடி இல்லாதது. கடைசியில் 'ஸ்லீவ்நமான்' என்று பெயரிட்ட ரோல்ஸ் ராய்ஸ் கவச வண்டி. அதன் கோபுரத்தில் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி, அதை இயக்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜாக் மெக்பீக்.

பேல் நா பிளா சந்திப்புக்கு வந்ததும் வழி தெரியாமல் வண்டியை நிறுத்தினார்கள். மதுக்கடை வாசலில் நின்ற ஆளிடம் பேண்டனுக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். அவர் எதிர்ப்பாளர்கள் காவலுக்கு நிறுத்தியிருந்த ஆள். வழி சொல்லி அனுப்பிவிட்டு, காரில் காலின்ஸ் இருந்ததைத் தன் ஆட்களிடம் போய்ச் சொன்னார். அன்று அந்த வட்டாரத்து எதிர்ப்பாளர்கள் கூட்டத்துக்காக அங்கே வந்திருந்தது காலின்ஸின் கெட்ட நேரம். சாலைகள் பல இடங்களில் வெட்டப்பட்டும் பாலங்கள் தகர்க்கப்பட்டும் இருந்ததால், போன வண்டிகள் இதே வழியாகத்தான் திரும்ப வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ரோட்டின் குறுக்கே ஒரு கட்டை வண்டியை நிறுத்தி, கண்ணிவெடி புதைத்து, மேட்டில் இடம்பிடித்துக் காத்திருந்தார்கள்.

அந்தத் தாக்குதலுக்குத் தலைமை ஏற்ற டாம் ஹேல்ஸ், காலின்ஸின் பழைய நண்பர். 1920இல் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டுக் கொடூரமாகச் சித்திரவதை பட்டவர். அவருடைய கூடப்பிறந்த சகோதரரான ஷான் ஹேல்ஸ் ஒப்பந்த ஆதரவுப் படையில் அதிகாரி. அன்று மாலை, சாவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு, காலின்ஸ் பேண்டனில் சந்தித்துப் பேசிவிட்டு வந்தது அந்த ஷானைத்தான். ஒரு சகோதரனிடம் விடைபெற்று, இன்னொரு சகோதரன் காத்திருந்த பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்.

பகல் முழுக்க வண்டிகள் வரவில்லை. காலின்ஸ் கிளோனகில்டி, ராஸ்கார்பெரி, ஸ்கிபரீன் என்று சுற்றி, சொந்த ஊரான சாம்ஸ் கிராஸில் உறவினர்களைப் பார்த்து, கூட வந்தவர்களுக்கு மது வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பதுங்கியிருந்தவர்கள் மாலையானதும் இனி வரமாட்டார்கள் என்று முடிவுசெய்து கலைந்தார்கள். பெரும்பாலானோர் மதுக்கடைப் பக்கம் போய்விட்டார்கள். கண்ணிவெடியின் இணைப்பை எடுத்துவிட்டு, ரோட்டில் நின்ற கட்டை வண்டியை அகற்ற ஒரு சிலர் மட்டும் பின்தங்கினார்கள். சரியாக அந்த நேரத்தில், எட்டு மணிக்குச் சற்று முன்பு, வண்டிச் சத்தம் கேட்டது. ரோட்டில் இருந்த தங்கள் ஆட்களை எச்சரிக்க மேட்டிலிருந்து சுட்டார்கள். பத்து நிமிடம் தாமதித்திருந்தால் காலின்ஸ் காலியான பள்ளத்தாக்கைக் கடந்து போயிருப்பார்.

முதல் வேட்டுச் சத்தம் கேட்டதும் டால்டன் ஓட்டுநரைப் பார்த்து, நிறுத்தாமல் வேகமாக ஓட்டு என்று கத்தினார். காலின்ஸ் அதை மறுத்து, வண்டியை நிறுத்து, இறங்கிச் சண்டை போடுவோம் என்றார். இந்த ஒரு நொடிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. டால்டன் முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்க்களத்தில் பதக்கம் வாங்கிய அதிகாரி. காலின்ஸ் உளவிலும் நிர்வாகத்திலும் மேதை, ஆனால் திறந்த வெளியில் இப்படியொரு சண்டையில் நின்ற அனுபவம் அவருக்கு இல்லை. தளபதி சொன்னதே நடந்தது.

முதலில் வண்டிக்கும் ஓரத்து மண்மேட்டுக்கும் மறைவில் இருந்து சுட்டார்கள். இடையில் விக்கர்ஸ் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. மேட்டில் சிலர் இடம் மாறி ஓடுவதைப் பார்த்துக் காலின்ஸ் கவச வண்டியின் மறைவை விட்டு ரோட்டில் சிறிது தூரம் பின்னால் போய், வளைவைத் தாண்டி மற்றவர்கள் பார்வையிலிருந்து மறைந்தார். "எம்மெட், என்மேல் பட்டுவிட்டது" என்று மெல்லிய குரல் கேட்டது போலிருந்ததாக டால்டன் மறு ஆண்டு எழுதினார். ஓடிப்போய்ப் பார்த்தபோது ரோட்டில் கிடந்தார், கை துப்பாக்கியை விடவில்லை, மண்டையின் அடிப்பகுதியில் வலது காதுக்குப் பின்னால் பெரிய காயம் வாய் பிளந்திருந்தது. ஷான் ஓ'கானல் என்ற அதிகாரி, சாகும் கத்தோலிக்கருக்குச் சொல்லும் பாவமன்னிப்பு ஜெபத்தை அவர் காதில் ஓதினார்.

அந்தக் காயத்தை வைத்துத்தான் நூறாண்டுச் சண்டையும் நடக்கிறது. பொதுவாக ரைஃபிள் குண்டு நுழையும் இடத்தில் துளை சிறிதாகவும், வெளியேறும் இடத்தில் பெரிதாகவும் இருக்கும். பின்னால் இருந்தது வெளியேறிய காயம் என்றால் நெற்றியிலோ தலைமுடி ஓரத்திலோ சின்னத் துளை இருந்திருக்க வேண்டும். அப்படியானால் குண்டு முன்னாலிருந்து, அதாவது அவர் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்த மேட்டிலிருந்து வந்திருக்கும். முன்னால் துளையே இல்லை என்றால் இரண்டு வாய்ப்புகள். பின்னாலிருந்து யாரோ சுட்டிருக்கலாம். அல்லது ரோட்டிலோ கவச வண்டியின் இரும்பிலோ பட்டுத் தெறித்த குண்டு தலையை ஒருபக்கமாகச் சிதைத்திருக்கலாம்.

உடலைப் பார்த்தவர்கள் இதில் ஒன்றுபடவில்லை. கார்க்கின் ஷானகீல் மருத்துவமனையில் பரிசோதித்த லியோ அஹெர்ன் என்ற மருத்துவர், நெற்றியில் காயம் நிச்சயமாக இல்லை என்று பின்னாளில் உறுதியாகச் சொன்னார். முன்பக்கம் ஒரு சின்னத் துளையைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு. உடல் கப்பலில் டப்ளினுக்குப் போன பிறகு அதைப் பதப்படுத்தியவர், எழுத்தாளராகவும் பெயர்பெற்ற அறுவை மருத்துவர் ஆலிவர் செயின்ட் ஜான் கோகர்ட்டி. அவர் எழுதிய மருத்துவ அறிக்கை எதுவும் இன்று கிடைக்கவில்லை. ஆல்பர்ட் பவர் என்ற சிற்பி முகத்தின் அச்சை எடுத்தார், ஜான் லேவரி உடலை ஓவியமாகத் தீட்டினார். கலைக்குத் தேவையான பதிவுகள் எல்லாம் முறையாக நடந்தன. சட்டத்துக்குத் தேவையான மரண விசாரணை மட்டும் நடக்கவே இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு தரப்பும் கையில் வைத்திருந்தவை பெரும்பாலும் ஒரே பிரிட்டிஷ் ரைஃபிள்கள், .303 அளவுத் தோட்டாக்கள். விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியும் அதே தோட்டாவைத்தான் சுடும். குண்டு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும், அது யாருடைய துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதை அளவை மட்டும் வைத்துச் சொல்லியிருக்க முடியாது. காயத்தின் திசையை வைத்தும் சுட்டவரின் இடத்தைக் கணக்கிட முடியாது. அந்த நொடியில் காலின்ஸ் படுத்திருந்தாரா, எழுந்து நின்றாரா, தலையை எந்தப் பக்கம் திருப்பியிருந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. சண்டையின் நடுவே திரும்பிப் பார்க்கிற ஒருவருக்கு எதிரியின் குண்டே காதுக்குப் பின்னால் பாயலாம்.

இந்த வெற்றிடத்தில்தான் சந்தேகங்கள் முளைத்தன. முதல் பலி டால்டன். முன்னாள் பிரிட்டிஷ் அதிகாரி, காலின்ஸுக்கு மிக அருகில் இருந்தவர், எனவே பிரிட்டிஷ் உளவுத்துறை சொல்லி அவர்தான் சுட்டிருப்பார் என்று ஒரு கதை பரவியது. இதற்கு ஆதாரமாக நிற்பது அவருடைய பழைய சீருடை ஒன்றுதான். இதே டால்டன்தான் 1921 மே மாதம் அதே பிரிட்டிஷ் சீருடையை மாட்டிக்கொண்டு, பறித்த கவச வண்டியோடு மவுண்ட்ஜாய் சிறைக்குள் நுழைந்து, தூக்குக் கயிற்றுக்குக் காத்திருந்த ஷான் மக்கியோனை மீட்கப் பார்த்தவர். பிடிபட்டிருந்தால் அவருக்கும் தூக்குத்தான். ஒப்பந்தப் பேச்சுக்கு லண்டன் போன காலின்ஸின் பாதுகாப்புப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. கொல்ல நினைத்திருந்தால் இருபது சாட்சிகளுக்கு நடுவே செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இறந்த காலின்ஸின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு வெட்டப்பட்ட சாலைகள் வழியாக இரவில் கார்க் வந்து சேர்ந்த மனிதர்மேல், அவர் 1978இல் இறக்கும்வரை இந்தப் பழி கிடந்தது. எனக்கு இது மன்னிக்க முடியாத அநீதியாகப் படுகிறது.

மெக்பீக் விஷயம் கொஞ்சம் வேறு. துப்பாக்கி முக்கியமான நேரத்தில் சிக்கியது. அதோடு நிற்காமல், 1922 டிசம்பரில் அவர் அதே ஸ்லீவ்நமான் கவச வண்டியோடு எதிரணிக்கே போய்விட்டார். இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா என்று கேட்டார்கள். ஆனால் சண்டை நடந்து மூன்று மாதத்துக்கு மேல் கழித்து அணி மாறியதற்குக் காரணம் அன்றைய சதி என்று எப்படிச் சொல்வது? காலின்ஸ் செத்ததற்கு இவன்தான் காரணம் என்று சக வீரர்களே முணுமுணுத்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் எத்தனை நாள் இருப்பார்? பின்னர் அவர் பிடிபட்டு, வண்டியைத் திருடியதற்காக ஆறாண்டு சிறைத் தண்டனை பெற்றார். காலின்ஸின் சாவுக்காக அவர்மேல் எந்த வழக்கும் போடப்படவில்லை.

டி வலேரா பற்றிய கதைக்குத்தான் உயிர் அதிகம். 1996இல் வந்த திரைப்படம் ஒன்று, தாக்குதலுக்குப் பின்னால் அவர் நிழல் இருந்ததுபோல் காட்டியதும் இதற்கு ஒரு காரணம். அவர் முந்தைய இரவு அந்த வட்டாரத்தில் இருந்தது உண்மை. எதிர்ப்பாளர்களின் தளபதிகளில் ஒருவரான லியம் டீசியைச் சந்தித்ததும் உண்மை. ஆனால் அவர் அங்கே வந்தது போரை நிறுத்தலாமா என்று பேசத்தான். அந்த நேரத்தில் படைத் தளபதிகள் அவர் பேச்சைக் கேட்கும் நிலையிலும் இல்லை. தாக்குதல் முடிவு, வண்டிகள் காலையில் கடந்து போன பிறகு வட்டாரப் படையினர் எடுத்தது. அவரிடம் அனுமதி கேட்டதாகவோ அவர் உத்தரவிட்டதாகவோ காட்ட நம்பத்தக்க சான்று இல்லை.

பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இப்போது சொல்லும் விடை எளிமையானது. மேட்டில் பின்தங்கிய சிலரில் ஒருவர் சுட்ட ரைஃபிள் குண்டு. அந்த ஒருவர் டெனிஸ் ஓ'நீல், எல்லோரும் சன்னி என்று அழைத்தவர், பிரிட்டிஷ் ராணுவத்தில் முன்பு இருந்தவர், குறி தவறாதவர் என்று பெயர். அவர் பெயரை அந்தப் பகுதிக்காரர்கள் பல ஆண்டுகள் வெளியே விடவில்லை. அவர் 1950இல் இறந்து ஒரு தலைமுறை போன பிறகுதான் அது அச்சில் பரவலாக வந்தது. அதிலும் இன்று கேள்வி இருக்கிறது. அவருடைய வலது கையில் கணிசமான ஊனம் இருந்ததைக் காட்டும் மருத்துவக் குறிப்புகள் பின்னர் வெளிவந்தன. அந்தி வெளிச்சத்தில் அவ்வளவு தூரத்தில் ஒரு தலையைக் குறிபார்க்க அந்தக் கையால் முடிந்திருக்குமா என்று கேட்கிறார்கள். குறிபார்த்தே பட்டிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்பது என் பதில். இத்தனை தோட்டாக்கள் பறந்த இடத்தில், மறைவை விட்டு வெளியே வந்த ஒருவர்மேல் ஒன்று பட்டது. ஓ'நீல் சுட்டதோ அவர் பக்கத்தில் படுத்திருந்தவர் சுட்டதோ, மேட்டிலிருந்து வந்தது என்பதை ஏற்பதற்கே காரணங்கள் அதிகம்.

பலரால் இதை ஏற்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் பேரரசின் உளவு வலையையே கிழித்தவர், வண்டியை நிறுத்தச் சொன்ன ஒரு தப்பான முடிவால், கலைந்துபோய்க்கொண்டிருந்த ஒரு சின்னக் கூட்டத்தின் கையில் சாவதா? பெரிய மனிதரின் சாவுக்குப் பெரிய காரணம் தேடுகிறோம். காரணம் சின்னதாக இருந்தால் ஏதோ மறைக்கப்பட்டதாகவே படுகிறது.

மறைக்கப்படவும் செய்தது, அதுதான் வேதனை. அரசு ஏன் மரண விசாரணை நடத்தவில்லை? பத்து நாளில் இரு தலைவர்களை இழந்த அமைச்சரவை நிலைகுலைந்திருந்தது. விசாரணை நடந்தால் தலைமைத் தளபதி இவ்வளவு சிறிய காவலோடு எதிரியின் வட்டாரத்தில் ஏன் போனார், வழியில் எத்தனை இடத்தில் மது அருந்தினார்கள், இயந்திரத் துப்பாக்கி ஏன் சிக்கியது என்றெல்லாம் சாட்சிக் கூண்டில் கேட்பார்கள். சுட்டவர் பெயர் தெரிந்தால் அந்த ஊரே பழிவாங்கலில் எரியும். அடுத்துத் தலைமை ஏற்ற ரிச்சர்ட் மல்கஹி, பழிவாங்காதீர்கள், உங்கள் இடத்தில் அமைதியாக நில்லுங்கள் என்று படைக்குச் செய்தி அனுப்பியிருந்தார். அன்றைக்கு மௌனம் விவேகமாகத் தோன்றியிருக்கலாம்.

அந்த விவேகமும் நெடுநாள் நிற்கவில்லை. டிசம்பர் 7 அன்று ஷான் ஹேல்ஸ் டப்ளினில் சுட்டுக்கொல்லப்பட்டார். மறுநாள் காலையிலேயே, அந்தக் கொலையோடு தொடர்பில்லாத, ஒப்பந்த எதிர்ப்பாளர்களான நான்கு கைதிகளை அரசு சுட்டுக்கொன்றது. போர் முடிவதற்குள் அதிகாரபூர்வக் கணக்கில் 77 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. காலின்ஸ் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்ற கேள்வி அயர்லாந்தில் இன்றும் சூடாக இருக்கிறது. அவர் சாவைப் பற்றிய விவாதத்தில் இருக்கும் ஆவேசத்தில் பாதி இந்தக் கேள்வியிலிருந்து வருகிறது.

எதிர்த்தரப்பு வாயடைத்ததற்குக் காரணம் பயம் மட்டுமில்லை. கில்மைனம் சிறையில் இருந்த ஒப்பந்த எதிர்ப்புக் கைதிகள் சுமார் ஆயிரம் பேர், செய்தி கேட்டதும் மண்டியிட்டு காலின்ஸின் ஆன்மாவுக்காக ஜெபமாலை சொன்னார்கள் என்று அங்கே கைதியாக இருந்த கார்க் கெரில்லாத் தளபதி டாம் பேரி பின்னாளில் எழுதினார். எதிரியின் தளபதிக்காக அழுத ஒரு இயக்கத்தில், அவரைக் கொன்றது நான்தான் என்று யார் மார்தட்டுவார்?

பிறகு நெருப்பு. 1932 தேர்தலில் டி வலேராவின் ஃபியனா ஃபாயில் கட்சி வென்றது. போரில் தோற்றவர்கள் பத்தே ஆண்டில் வாக்குச்சீட்டால் ஆட்சிக்கு வருகிறார்கள். ஆட்சி கைமாறுவதற்கு முந்தைய நாட்களில், மார்ச் 7 அன்று, பாதுகாப்பு அமைச்சர் டெஸ்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் உள்நாட்டுப் போர்க்கால உளவு அறிக்கைகளையும் ராணுவ நீதிமன்ற, மரண தண்டனைப் பதிவுகளையும் எரித்துவிட உத்தரவிட்டார். தகவல் கொடுத்தவர்களையும் தண்டனை நிறைவேற்றியவர்களையும் காப்பாற்ற அப்படிச் செய்தார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்தத் தீயோடு, பேல் நா பிளா பற்றி அன்றைய ராணுவ உளவுப் பிரிவு என்ன திரட்டியிருந்தது என்பதை அறியும் வழியும் பெருமளவு அடைபட்டுப்போனது. எரித்தவர்கள் காலின்ஸின் சொந்தத் தரப்பினர். அவர்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் எழுந்த ஒவ்வொரு சதிக் கதைக்கும் அந்தச் சாம்பலே முதல் ஆதாரமாகக் காட்டப்பட்டது.

அதன்பின் அரசியல் தன் வேலையைச் செய்தது. காலின்ஸ் தரப்பின் வழிவந்தவர்கள் ஃபினே கேல் கட்சியாகவும், எதிர்த்தரப்பின் வழிவந்தவர்கள் ஃபியனா ஃபாயிலாகவும் பல பத்தாண்டுகள் மாறி மாறி ஆண்டார்கள். பேல் நா பிளாவில் ஆகஸ்டுதோறும் நடக்கும் நினைவுக் கூட்டம் நெடுங்காலம் ஒரு கட்சியின் விழாவாகவே இருந்தது. 2020இல் இரு கட்சிகளும் முதல்முறையாகக் கூட்டணி ஆட்சி அமைத்தன. நூற்றாண்டையொட்டி 2022 ஆகஸ்ட் 21 அன்று பிரதமர் மீஹால் மார்ட்டினும் துணைப் பிரதமர் லியோ வரத்கரும் அதே ரோட்டோரத்தில் ஒரே மேடையில் பேசினார்கள். எந்தக் கட்சிக்கும் இனி யாரையும் காப்பாற்ற வேண்டிய தேவை இல்லாத காலம் வந்துவிட்டது. சாட்சிகள்தான் இல்லை.

ஆனாலும் எல்லாக் காகிதமும் எரிந்துவிடவில்லை. போரில் பங்கெடுத்தவர்களுக்கு அரசு ஓய்வூதியம் கொடுத்தது. 1934க்குப் பிறகு எதிர்ப்பாளர்களும் அதற்கு விண்ணப்பிக்க முடிந்தது. விண்ணப்பிப்பவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எந்தெந்தச் சண்டையில் நின்றார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், கூட இருந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லாததை, மாதச் செலவுக்கு வழி வேண்டி, அரசுப் படிவத்தில் எழுதினார்கள். 2014 முதல் அயர்லாந்தின் ராணுவ ஆவணக் காப்பகம் இந்தக் கோப்புகளைப் பகுதி பகுதியாக இணையத்தில் வெளியிட்டு வருகிறது. அந்த ஆண்டு வெளியானவற்றில் சன்னி ஓ'நீலின் கோப்பும் ஒன்று. பேல் நா பிளாவில் தான் இருந்ததை அதில் அவரே ஒப்புக்கொள்கிறார். சுட்டது நான் என்ற வரி அதில் இல்லை.